கடைசித் தெருக் குழாயும் கிராம சபைத் தீர்மானமும்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஊர்த்தெருவில் இருக்கிறது. கடைசியில் உள்ள எங்கள் காலனிக் குழாய்களில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். வயிற்றுப்போக்கு என்றால் முதலில் எங்கள் பக்கம்தான். துணை சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் எங்கள் பெண்கள் நடவிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டால் இவையெல்லாம் மாறுமா?
- வாசகி ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தண்ணீர் மாறும், சுகாதார நிலையத்தின் நேரம் மாறுவது அத்தனை எளிதன்று. அரசியல் சட்டத்தின் 11-ஆம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய 29 பொருள்களுள் குடிநீரும் சுகாதாரமும் இருக்கின்றன என்றாலும், எதை எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் முடிவு. கேரளம், உள்ளாட்சிகளுக்கு அதிகாரத்தையும் நிதியையும் பகிர்ந்தளிக்க 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டது. தமிழ்நாட்டிலோ துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றும் கிராம சுகாதார செவிலியர் பொது சுகாதாரத் துறையின் ஊழியர். ஊராட்சித் தலைவர் அவரைக் கேட்டுக்கொள்ளலாமே தவிர, உத்தரவிட முடியாது.

ஆகவே, ஊராட்சியின் கையிலேயே இருக்கும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தருவதற்கான மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். ஒரு வாரம், தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை குடம் நிறைந்தது, எப்போது நின்றது என்று ஐந்தாறு வீடுகளில் நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். ஊர்த்தெருவில் இரண்டு வீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒப்பீடுதான் கூட்டத்தில் பேசும். பெரும்பாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும். எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதாலும், மேட்டிலும் முன்னாலும் உள்ள வீடுகளில் குழாயோடு மோட்டார் இணைத்து இழுப்பதாலும் கடைசித் தெரு காய்கிறது.

‘குடிநீர் வசதியை மேம்படுத்த வேண்டும்’ என்ற தீர்மானம் எந்த அதிகாரியையும் கட்டுப்படுத்தாது. ‘காலனிக் குழாய்க்குத் தனி வால்வு அமைத்து, காலை 6 முதல் 7 வரை அந்த வால்வை மட்டும் திறப்பது, குழாயில் நேரடியாகப் பொருத்திய மோட்டார்களை அகற்றுவது, வாரந்தோறும் கடைசிக் குழாயில் குளோரின் அளவைப் பார்த்துப் பலகையில் எழுதுவது’ என்று எழுதச் சொல்லுங்கள். பணமில்லை என்ற பதில் வந்தால், மத்திய அரசின் வரி வருவாயைப் பகிர்வது பற்றிப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்குமென்றே ஒதுக்கப்பட்டது என்பதை நினைவூட்டி, அது எதில் செலவானது என்று கணக்குக் கேளுங்கள்.

சுகாதார நிலையத்தைப் பொறுத்தவரை, வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கோரிக்கைத் தீர்மானம் அனுப்பலாம்: வாரத்தில் ஒருநாள் மாலையில், காலனியிலேயே, இரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும் என்று. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாகச் சொல்லும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புதான், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகையோடு இருப்பதாகவும் சொல்கிறது. பிரசவத்துக்கு மட்டும் எட்டும் மருத்துவத்தின் குறை இது என்பது என் கருத்து. வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்க 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் உங்கள் தெருவுக்கு வரும் நாளையும் நேரத்தையும் அந்தத் தீர்மானத்திலேயே கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்திடுமுன் பதிவேட்டை வாங்கி வாசித்துப் பாருங்கள். பேசியது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருப்பது பல ஊர்களில் நடப்பதுதான். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, அடுத்த கூட்டத்துக்கு அதையும் குடக்கணக்கு நோட்டையும் கொண்டு செல்லுங்கள்.