நிறமும் கோபமும் யார் பக்கத்து இரத்தம்?

கேள்வி: எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கணவரும் நானும் மாநிறம். மூத்தவள் வெள்ளை, முகம் மட்டும் அப்படியே தகப்பனை உரித்து வைத்த மாதிரி. நாலு வயதான இளையவள் நல்ல கறுப்பு. கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவாள். "நிறமும் குணமும் உன்ர பக்கத்து இரத்தம்" என்று மாமி சொல்லாத நாளில்லை. மூன்றாவதாவது ஆண் பிள்ளையாகப் பிறக்க வேண்டுமாம். உண்மையில் பிள்ளைக்கு யாரிடமிருந்து எவ்வளவு வருகிறது?
வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சரிபாதி. உங்கள் முட்டையில் டீ.என்.ஏ.யைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 23, கணவரின் விந்தில் 23. இதற்கு மேல் தாய் மட்டும் கொடுப்பது, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் (மைற்றோகொண்ட்ரியா) இருக்கும் சிறிய டீ.என்.ஏ. அதில் 37 பரம்பரையலகுகள்தான் (ஜீன்கள்). நிறத்தைத் தீர்மானிப்பவை அங்கே இல்லை.

கணவரின் பாதி எங்கிருந்து வந்தது என்பதை மாமி யோசிக்கவில்லை. அது அவரும் மாமாவும் கொடுத்தது. ஆக உங்கள் மகள்களின் டீ.என்.ஏ.யில் சராசரியாகக் காற்பங்கு மாமியுடையது. பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் கூடும், குறையும். இன்னொன்றும் இருக்கிறது. ஆணிடம் ஒரே ஒரு எக்ஸ் நிறமூர்த்தம்தான், அதுவும் தன் தாயிடமிருந்து வந்தது. மகளுக்கு அவர் கொடுப்பது அதையேதான், ஏறக்குறைய மாறாமல். மாமியின் எக்ஸ் உங்கள் இரண்டு பெண்களிடமும் இருக்கிறது. பேரன் பிறந்தால் அவனுக்கு அது போகாது. தகப்பனின் வை நிறமூர்த்தம்தான் அவனுக்குப் போகும், அது மாமாவின் வழி. பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் விந்தில் எக்ஸ் வந்ததா வை வந்ததா என்பதுதான். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

இனி நிறம். ஒரு பரம்பரையலகு கறுப்பாக்கும், இன்னொன்று வெள்ளையாக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடிக்குப் படித்த கணக்கு இங்கே பொருந்தாது. தோலின் நிறத்தைப் பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றுள் எஸ்.எல்.சி.24ஏ5 என்பது முக்கியமானது. 2005இல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது அதன் பங்கு தெரியவந்தது. அதன் வெளிர்நிற வடிவம் ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. தெற்காசியரிடம் இரண்டு வடிவங்களும் பரவலாகக் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் நம்மிடையே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளே இவ்வளவு வேறுபடுகிறார்கள்.

விளங்குவதற்காக ஐந்து பரம்பரையலகுகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இருவரிடமும் ஒவ்வொன்றிலும் ஒரு கருநிற வடிவம், ஒரு வெளிர்நிற வடிவம். இருவரும் மாநிறம். பிள்ளைக்கு மொத்தம் பத்து வடிவங்கள் வரும்: அம்மாவிடமிருந்து ஐந்து, அப்பாவிடமிருந்து ஐந்து. பத்தில் ஏழோ அதற்கு மேலோ கருநிறமாக வருவதற்கான வாய்ப்பு 1024இல் 176, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. அதே அளவு வாய்ப்பு மறுபக்கமும் உண்டு. மூத்தவளுக்கு ஒரு பக்கம் விழுந்தது, இளையவளுக்கு மறுபக்கம். ஒருவரிடமிருந்து ஐந்துக்கு மேல் வர முடியாது என்பதால், ஏழு கருநிற வடிவங்கள் வந்த பிள்ளைக்குக் குறைந்தது இரண்டு வடிவங்கள் உங்கள் கணவரிடமிருந்தும் வந்திருக்கும்.

கோபத்துக்கென்று தனியாக ஒரு பரம்பரையலகு இல்லை. இரட்டையரை வைத்துச் செய்த 2,748 ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். மனித இயல்புகளில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் பரம்பரையால் என்று வந்தது. இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு சமூகத்தில் உள்ளவர்களுக்கிடையிலான வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. உங்கள் மகளின் கோபத்தில் பாதி இரத்தத்தால் வந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

நாலு வயதுப் பிள்ளை பசியிலும் நித்திரைக் கலக்கத்திலும் சாமான் எறிவது வழமை. எறிவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு கிழமைக்குக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் நேரமோ காரணமோ பிடிபடும். பேச்சு பிந்தியிருந்தால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால், குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அக்காவோடு ஒப்பிட்டு நிறம் பேசுவது அவள் காதில் விழவே கூடாது. அதை மாமியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர்.

தாய் வழியா தந்தை வழியா என்பதே நடத்தையை மாற்றும் இடமும் உண்டு, மிக அரிதாக. 15ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு தகப்பன் கொடுத்த பிரதியில் இல்லாமல் போனால் பிராடர்-வில்லி நோய்: குழந்தை துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சத் திணறும், சில வருடங்களில் அடங்காப் பசி வரும். அதே துண்டு தாய் கொடுத்த பிரதியில் இல்லாவிட்டால் ஏஞ்சல்மன் நோய்: பேச்சு மிகக் குறைவு, வலிப்பு, அடிக்கடி சிரிப்பு. இவையும் பெரும்பாலும் முட்டையோ விந்தோ உருவாகும்போது புதிதாக நேரும் விபத்து. எந்தக் குடும்பத்தின் மேலும் பழி இல்லை.

மூன்றாவது பிள்ளை பற்றி யோசிப்பதாயிருந்தால், இரு பக்கமும் சேர்ந்து பார்க்க வேண்டியது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். அதில் ஒரு வகையான பீட்டா தலசீமியாவின் பழுதான பரம்பரையலகு ஒன்றை மட்டும் காவும் ஒருவரிடம் (காவி) வெளியே ஒன்றும் தெரியாது. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளை கடும் நோயோடு பிறக்க. இதற்கென்றே குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. அதில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்கும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27க்கும் கீழே இருந்தால் அடுத்ததாக ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 பார்ப்பார்கள், 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் காவி. இரும்புச்சத்துக் குறைவிலும் எம்.சி.வி. இறங்கும், ஏ2வும் குறைத்துக் காட்டக்கூடும். ஒருவர் காவி என்பது தெரியாமல் போவது அங்கேதான். ஆகவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்து, குறைவென்றால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். வைத்தியரிடம் போகும்போது கணவரின் அறிக்கையையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.