ஸ்கேன் எடுத்த பிறகும் முள்ளந்தண்டில் ஊசி எதற்கு?

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் தங்கைக்கு வயது 28. சென்ற வருடம் அவளுக்கு ஒரு கண் மங்கி, மூன்று வாரத்தில் தானாகவே தெளிந்தது. இப்போது இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நடக்கத் தடுமாறுகிறாள். கண்டியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்த வைத்தியர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம் என்கிறார். ஆனாலும் முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டுமாம். அதனால் கால் விழுந்துவிடும் என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள். ஸ்கேன் போதாதா?
வாசகி, ஹட்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். முள்ளந்தண்டு வடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே. எடுப்பது சில மில்லிலீற்றர் நீர்தான். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும், படுத்தால் குறையும்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தாக்குவதால் வரும் இந்நோயை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மூளை, முள்ளந்தண்டு வடம் ஆகியவற்றில் ஓரிடத்துக்கு மேல், ஒரு காலத்துக்கு மேல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்று வைத்தியர் பொதுவாகக் காட்ட வேண்டும். நியூசிலாந்தில் பிறந்த நரம்பியல் வைத்தியர் இயன் மெக்டொனால்டின் தலைமையில் 2001இல் வகுக்கப்பட்ட அளவுகோல்களின் அடிப்படை இதுவே. ஸ்கேனில் இரண்டாவது காலம் தெளிவாகத் தெரியாதபோது, முள்ளந்தண்டு நீரில் மட்டும் காணப்படும் குறிப்பிட்ட புரதப் பட்டைகள் அந்தச் சான்றுக்கு ஈடாகும் என 2017இன் திருத்தம் ஏற்றுக்கொண்டது. வைத்தியர் நீர் கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்களையும் விலக்கியாக வேண்டும். பி12 குறைபாடு, வருடக்கணக்காகத் தலையில் பாரம் சுமந்தவர்களுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து வடத்தை நெரிப்பது ஆகியவை இருக்கின்றன. எனக்கு அதிகக் கவலை தருவது நியூரோமைலிற்றிஸ் ஒப்ரிக்கா. அதுவும் கண்ணையும் வடத்தையுமே தாக்கும். ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அதைக் கடுமையாக்கிவிடும். அக்குவாபோரின்-4 என்ற இரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்தறிய உதவும் என்பதால், அதையும் செய்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

சென்ற வருடத்துக் கண் மங்கலை வைத்தியரிடம் சொன்னீர்களா? தானாகவே சரியானது என்று பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். கண்ணை அசைக்கும்போது வலித்ததா, கண்ணாடியில் பார்த்தபோது நெற்றிப் பொட்டின் சிவப்பு அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்ததா, இப்போது தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா என்று தங்கையிடம் கேட்டு, மாதத்தோடு கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கண் நரம்பில் பழைய பாதிப்பின் தடம் இருக்கிறதா என்பதை வலியில்லாத ஒரு பரிசோதனையால் இப்போதும் பார்க்கலாம்.