குற்றவியல் நீதி படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

நாகர்கோவில் பக்கம் பிளஸ் டூ முடித்தவர்கள் அடிக்கடி கேட்பது இது. குற்றம் ஏன் நடக்கிறது, நடந்தபின் காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகியவை என்ன செய்கின்றன என்பதைச் சேர்த்துப் படிப்பதே குற்றவியல் நீதி. தோவாளைச் சந்தையில் பூ வாடியிருந்தால் பறித்தவர், சுமந்தவர், விற்றவர் எல்லோரும் தம் மேல் தவறில்லை என்பார்கள். தோட்டத்திலிருந்து கடை வரை கூடவே நடந்தவருக்குத்தான் எங்கே வாடியது என்று தெரியும். அப்படி நடந்து பார்க்கிற படிப்பு இது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது.

வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது நன்னடத்தை அலுவலர் பணி. முதல்முறை தவறு செய்த ஓர் இளைஞனின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து அறிக்கை எழுதுவார். சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடலாமா என்று முடிவெடுக்குமுன், 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றம் அந்த அறிக்கையைக் கருத்தில் கொள்ளும். குழந்தைகள் பாதுகாப்பு, சிறைவாசிகள் நலன், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு ஆகியவையும் உண்டு. அரசுப் பணிக்கு அறிவிக்கையில் கேட்கும் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தால் நேராக எஸ்.ஐ. ஆகலாம் என்பது தவறு: அந்தத் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், வழக்கறிஞராகவோ தனியாகச் சட்டப் படிப்பு வேண்டும்.