சட்ட ஆலோசனை: முறைப்பாட்டுக்கு முன் அந்தக் கையெழுத்துகளைப் பார்ப்போம்

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து 52 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. 14 மாதங்களுக்கு முன், சிவப்பு விளக்கில் நின்ற அவருடைய காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. தெரிந்தவர் சொல்லி ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்கிற சிகிச்சையாளர்) கிளினிக்குக்குப் போனார். முதல் நாள் கைரோபிராக்டர் பார்த்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் உதவியாளர்தான்: சூட்டு ஒத்தடம், மெஷின், கொஞ்சம் உருவிவிடுதல். இரண்டு தடவை அந்த உதவியாளரே கழுத்தைப் பிடித்துத் திருப்பி நெட்டி முறித்தார். இரண்டாம் தடவைக்குப் பிறகு தலைச்சுற்று, இடது கையில் விறைப்பு. கேட்டதற்கு, "அது அக்சிடென்ட் நோ, போகப் போகச் சரியாகும்" என்றார்கள். முன்மேசையில் இருந்த பெண் எல்லார் முன்னாலும் அதட்டினார், மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள், தமிழ் ஆட்களே இப்படிச் செய்கிறார்களே என்று மனம் விட்டுப்போய்விட்டது. லைசென்ஸைப் பறிக்க வேண்டும், நட்டஈடும் வேண்டும். கொலிஜுக்கு (கைரோபிராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுத்துக் கண்காணிக்கிற அமைப்பு) ஒரு முறைப்பாடு போட்டால் இரண்டும் கிடைக்கும் என்று மச்சாள் சொல்கிறார்.

கடைசிப் பந்தியில், போகிற போக்கில் சில வரிகள். வருகைத் தாளில் ஒரே நாளில் பல வரிகளுக்குக் கையெழுத்து வாங்கினார்களாம். போகாத நாள்களுக்கும் பில் போயிருப்பதை மகள் கண்டுபிடித்தாராம். இந்தத் தேதிகளில் சிகிச்சைக்குப் போனீர்களா என்று கேட்டு இன்சூரன்ஸ் கம்பனி போன வாரம் கடிதம் அனுப்பியிருக்கிறதாம். "ஆம் என்று எழுதிவிட்டால் பிரச்சினை இல்லைத்தானே?"

பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது அம்மா. ஆம் என்று எழுதாதீர்கள். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன். முதலில் முறைப்பாட்டை முடித்துவிடுவோம்.

அதட்டியது, காக்க வைத்தது, கைரோபிராக்டர் ஐந்து நிமிடம்தான் பார்த்தார் என்பது எல்லாவற்றையும் விடுங்கள். உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் கொலிஜ் குழு முன்னால் இவை நிற்காது. முக்கியமான விஷயத்தை மூடி மறைத்துவிடும். சட்டம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கழுத்தில் அந்த வேகமான அழுத்தத்தைக் கொடுத்தது யார் கை?

ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டம், முதுகெலும்பு மூட்டுகளை அவற்றின் வழக்கமான எல்லைக்கு அப்பால் விரைவான சிறு உந்தலால் அசைப்பதைக் கட்டுப்படுத்தப்பட்ட செயலாக வைத்திருக்கிறது. கழுத்தும் முதுகெலும்பின் பகுதிதான். அதைச் செய்யக் கைரோபிராக்டருக்கு அனுமதி உண்டு. சாதாரண உதவியாளருக்கு இல்லை. ஒத்தடம் வைக்கலாம், மெஷின் பூட்டலாம், உடற்பயிற்சி காட்டிக்கொடுக்கலாம், அதுவும் கைரோபிராக்டர் போட்டுக்கொடுத்த திட்டப்படி. கழுத்தை முறிப்பது உதவியாளரிடம் ஒப்படைக்கிற வேலை அல்ல.

அந்த உதவியாளர் கொலிஜில் பதிவு செய்தவர் அல்ல என்பதால் கொலிஜ் அவரைத் தொடாது. யாருடைய லைசென்ஸின் கீழ் அவர் வேலை செய்தாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கைரோபிராக்டர்களின் தொழில் ஒழுக்கக் கேடு பற்றிய ஒழுங்குவிதி 852/93இல் உங்களுக்குப் பொருந்துபவை சில உண்டு: தொழில் தரத்தை மீறுவது, பொய்யென்று தெரிந்த ஆவணத்தில் ஒப்பமிடுவது, பொய்க் கணக்குக் கொடுப்பது. முறைப்பாடு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தத் தேதி, எந்த அறை, யார் கை, அப்போது கைரோபிராக்டர் எங்கே இருந்தார், அதற்கு உங்கள் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதை மட்டும் எழுதுங்கள். கிளினிக்கில் இருக்கிற உங்கள் குறிப்பேட்டின் பிரதியை இப்போதே எழுத்தில் கேளுங்கள். அதைப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது; பிரதி எடுக்கிற நியாயமான செலவை மட்டுமே அவர்கள் கேட்கலாம். "அன்று நானே சிகிச்சை செய்தேன்" என்று கைரோபிராக்டர் அதில் எழுதியிருந்தால், உங்கள் முறைப்பாடு இரண்டு மடங்கு கனமாகிவிடும்.

லைசென்ஸ் உடனே பறிபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழு எச்சரிக்கலாம், மேலதிகப் பயிற்சிக்கு அனுப்பலாம், பாரதூரமாக இருந்தால் ஒழுக்காற்று விசாரணைக்கு விடலாம். அங்கே தண்டப்பணம் விதித்தாலும், அதிகபட்சம் 35,000 டொலர் வரை, அது போவது மாகாண நிதியமைச்சருக்கு. உங்களுக்கு ஒரு சதமும் வராது. மச்சாள் சொன்னதில் அந்தப் பாதி முழுப் பிழை.

சரி, இப்போது கையெழுத்து.

இப்படிப்பட்ட வருகைத் தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் தேதி, நடுவில் சிகிச்சையின் பெயர், வலப்பக்கம் கையெழுத்து. மூன்று வாரத் தேதிகள், ஆனால் கையெழுத்தெல்லாம் ஒரே நீலப் பேனையில், ஒரே சரிவில், மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் போட்டது. இன்சூரன்ஸ் புலனாய்வாளருக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படாது. அதற்குப் பக்கத்தில் உங்கள் வேலை நேரப் பதிவையோ, அந்த நாளில் நீங்கள் வேறெங்கோ இருந்ததைக் காட்டுகிற ரசீதையோ வைத்தால் போதும்.

அன்று நீங்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது கவனக்குறைவு. "இதில் போடுங்கோ அக்கா, கம்பனிக்கு அனுப்ப வேணும்" என்று கிளிப் போட்ட அட்டையை நீட்டினால், நோவோடு இருக்கிறவர் போட்டுவிடுவார். சட்டமும் இதை ஓரளவு ஏற்கிறது. விபத்து நலன்கள் (விபத்துக்குப் பிறகு கம்பனி கொடுக்கிற சிகிச்சைப் பணம் போன்றவை) பற்றிய ஒழுங்குவிதி 34/10, உங்கள் நலன்களை நிறுத்த இன்சூரன்ஸ் கம்பனிக்கு வழி கொடுக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் தெரிந்தே, வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைய நிலை வேறு. மகள் பட்டியலைக் காட்டிவிட்டார். எந்த நாள்கள் போகவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு "ஆம், எல்லா நாளும் போனேன்" என்று எழுதினால், அன்றைய கவனக்குறைவு இன்றைய பொய்யாக மாறிவிடும், அதுவும் உங்கள் சொந்தக் கையெழுத்தில். இன்சூரன்ஸ் சட்டத்தில் நலன் பெறுவதற்காகக் கம்பனிக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். முதல் தடவைக்கே 250,000 டொலர் வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவருக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் நலன்கள் நிற்பதும், காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வருவதும், பொய் சொன்னவர் என்ற பெயர் விபத்து வழக்கு வரைக்கும் உங்கள் பின்னால் வருவதும் நடக்கக்கூடியவை. நடந்தும் பார்த்திருக்கிறேன்.

என் கட்சிக்காரர்கள் விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான். கடிதம் வந்ததும் பயத்தில் கிளினிக்குக்கு போன் பண்ணுவார்கள். "வந்தேன் என்று எழுதுங்கோ, இல்லாவிட்டால் உங்கட டிரீட்மென்ட்டை நிப்பாட்டிப்போடுவாங்கள்" என்று அங்கே இருந்து பதில் வரும். அப்படியே எழுதிவிடுவார்கள். பிறகு சத்தியத்தின் கீழ் விசாரணைக்கு அழைப்பார்கள், அங்கேயும் அதையே சொல்வார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வந்தால் நான் காப்பாற்றக்கூடியது அதிகம் இல்லை. கிளினிக் தன்னைக் காப்பாற்றத்தான் அந்த ஆலோசனையைச் சொன்னது என்பது அப்போதுதான் விளங்கும். அங்கே வேலை செய்கிறவர் உங்கள் ஊர்க்காரராக இருக்கலாம், கோயிலில் பக்கத்தில் நிற்கிறவராக இருக்கலாம். இந்த விஷயத்தில் அவரும் நீங்களும் எதிரெதிர்ப் பக்கம்.

ஆகவே கிளினிக்குக்கு போன் வேண்டாம். கம்பனியின் கடிதத்துக்குப் பதில் கொடுக்க 10 வேலை நாள்தான், போன வாரம் வந்ததென்றால் பாதி போய்விட்டது. அதைத் தூக்கிப் போடவும் கூடாது. பதில் வரும்வரை பணத்தை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து, அவர் மூலம் எழுதுங்கள்: இன்ன தேதிகளில் போனேன், இன்ன தேதிகளில் போகவில்லை, இன்ன தேதிகள் நினைவில்லை, வருகைத் தாளில் வாசிக்காமல் பல வரிகளுக்கு ஒரே நேரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பனி கண்டுபிடித்துச் சொல்லும் முன் நீங்களே திருத்தினீர்கள் என்பதுதான் உங்களுக்கு இருக்கிற மிகப் பெரிய பாதுகாப்பு. இந்தக் கடிதம் போன பிறகுதான் கொலிஜுக்கு முறைப்பாடு போக வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள். முறைப்பாட்டின் விவரம் கைரோபிராக்டருக்குப் போகும். அவர் உடனே தன் கணக்கைச் சீர்ப்படுத்தி, "அவர்தான் பொய்க் கையெழுத்துப் போட்டார்" என்று முந்திக்கொள்ளலாம்.

முறைப்பாட்டில் "பிழையென்று தெரியும், ஆனாலும் போட்டேன்" என்ற மாதிரி ஒரு வரி கோபத்தில்கூட எழுதிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. அது உண்மையா, மனம் நொந்து எழுதியதா என்று உங்கள் சட்டத்தரணியிடம் நேரில் பேசுங்கள். உண்மையென்றால் மேலே சொன்ன திருத்தக் கடிதத்தையே வேறு விதமாக எழுத வேண்டும். கொலிஜ் விசாரணை ஆவணங்கள் சிவில் வழக்கில் சான்றாக ஏற்கப்பட மாட்டா என்று மேலே சொன்ன 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36(3) பிரிவு சொல்வது சரி. ஆனால் குற்ற வழக்குக்கு அந்தக் கவசம் இல்லை. சத்தியத்தின் கீழ் அதே கேள்வியை உங்களிடம் நேராகக் கேட்பதையும் அது தடுக்காது.

அடுத்து, கிளினிக்குக்கு "காசு தாருங்கள், இல்லாவிட்டால் கொலிஜுக்கு எழுதுவேன்" என்று மெசேஜ் அனுப்பப் போவதாக மகள் சொல்கிறாராம். அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். வழக்குப் போடுவேன் என்று சொல்லலாம், அதைச் சட்டம் அனுமதிக்கிறது. முறைப்பாட்டைக் காட்டிக் காசு கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். நாங்கள் சட்டத்தரணிகள்கூட அப்படி எழுத எங்கள் விதிகளில் தடை இருக்கிறது.

நட்டஈடு பற்றி. கழுத்துக்கு நட்டஈடு வேண்டுமென்றால் அலட்சிய வழக்கு, தனியாக. அதற்கு 2 வருடம்தான், பாதிப்பை அறிந்த நாளில் இருந்து. கொலிஜில் முறைப்பாடு நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நிற்காது. முடிவு வரட்டும் என்று காத்திருந்து காலம் கடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கழுத்தை இரண்டாம் தடவை முறித்த நாளில் இருந்து பார்த்தால் உங்களுக்கு 11 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. வழக்கில் கிளினிக் சொல்லப்போவது ஒன்றுதான்: விறைப்புக்குக் காரணம் விபத்து, எங்கள் கை அல்ல. அதை உடைக்க நிபுணர் அறிக்கை வேண்டும், அதற்கே ஆயிரக்கணக்கில் போகும். நிரந்தரப் பாதிப்பு இல்லையென்று வந்தால் முழு வழக்குக்குப் போகாதீர்கள். 50,000 டொலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே கேட்கலாம், அதற்கும் முன்னால் கிளினிக்கின் பொறுப்புக் காப்புறுதி ஒரு தொகை சொன்னால் வாங்கிக்கொண்டு முடியுங்கள். நியாயம் முழுதாகக் கிடைத்ததாக இருக்காது என்று தெரியும், இருந்தாலும் முடியுங்கள். ஒப்பந்தத்தில் "முறைப்பாட்டைக் கைவிடுகிறேன்" என்ற வரி இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். கொடுத்த முறைப்பாட்டைத் திரும்ப எடுப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை, பொதுநலனைப் பார்த்துப் பதிவாளர் சம்மதிக்க வேண்டும். உங்களால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியில் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்துக்குக் காரணமான சாரதி மீதான உரிமையையும் அதே தாளில் விட்டுக்கொடுத்துவிடாமல் பாருங்கள்.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுக்காத அந்தக் கை விறைப்பு. கழுத்து முறித்த பின் தலைச்சுற்று வந்து, இன்னும் ஒரு டொக்டரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் போங்கள். தலைச்சுற்று கூடினால், பேச்சு குழறினால், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இது உங்கள் உயிருக்காக. சட்டப்படியும் உங்கள் காசு இருக்கிற இடம் இதுதான். கிளினிக் உங்களைச் சிறு காயப் பிரிவில் போட்டதால் 3,500 டொலரோடு சிகிச்சைப் பணம் முடிந்துவிட்டது. நரம்புப் பாதிப்பின் அறிகுறி பரிசோதனையில் தெளிவாகத் தெரிந்து, வைத்தியர் அதை எழுதிக்கொடுத்தால், அது சிறு காயம் என்ற வரைவிலக்கணத்துக்குள் அடங்காது. எல்லை 65,000 டொலராக உயரும். விறைப்பு எப்போது தொடங்கியது, எந்த விரல்கள், இரவில் கூடுகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வைத்தியர் அதைத் தன் குறிப்பில் பதியட்டும்.