யாருடைய வீடு? யாருக்குத் தலைவலி? – ஸ்பானிய மொழியில் உடைமை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பானிய மொழியை அண்மையில்தான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். ‘சு காசா’ என்பதற்கு ‘அவனுடைய வீடு’, ‘அவளுடைய வீடு’, ‘உங்களுடைய வீடு’, ‘அவர்களுடைய வீடு’ என நான்கு பொருளும் உண்டு என்கிறது பாடநூல். வீடு யாருடையது என்பதைக் கேட்பவர் எப்படி அறிந்துகொள்வார்?

பதில்: பெரும்பாலும் சூழலே அதை அறிவித்துவிடும். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் ‘சு காசா’ என்றால் அது அவருடைய வீடுதான். ஐயத்துக்கு இடமிருந்தால் ‘சு’வை விட்டுவிட்டு, ‘தே’ என்ற முன்னிடைச்சொல்லைக் கொண்டு ‘லா காசா தே எய்யா’ (அவளுடைய வீடு), ‘லா காசா தே உஸ்தெத்’ (உங்களுடைய வீடு) என்று விரித்துச் சொல்வார்கள். தமிழில் உடையவர் முன்னும் உடைமைப் பொருள் பின்னும் வரும். ஸ்பானியத்தில் பொருள் முன்னே, பிறகு ‘தே’, அதன் பின் உடையவர். ‘எல் லிப்ரோ தே மரியா’ என்பது மரியாவின் புத்தகம். ‘தே’யை அடுத்து ‘எல்’ என்ற ஆண்பால் சுட்டு வந்தால் இரண்டும் சேர்ந்து ‘தெல்’ ஆகும். ஆனால் ‘அவன்’ எனப் பொருள்படும் ‘எல்’ வந்தால் சேராது. ஒலியில் ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் எழுத்தில் பிரித்துக் காட்டுவது, அவனைக் குறிக்கும் ‘எல்’லின் மேல் இடப்படும் அழுத்தக் குறிதான். அதை விடாமல் எழுதப் பழகுங்கள்.

‘சு’வுக்கு இத்தனை சுமை எப்படி வந்தது என்பதும் அறியத்தக்கது. இதற்கு மூலமான லத்தீன் சொல், தமிழின் ‘தன்’ போல, பொதுவாக எழுவாய்க்கு உரிய பொருளையே குறித்தது. வேறொருவருக்கு உரியதைச் சொல்லத் தனிச்சொல் இருந்தது. ஸ்பானியத்தில் அந்தத் தனிச்சொல் வழக்கொழிய, அதன் வேலையையும் ‘சு’வே ஏற்றுக்கொண்டது. மரியாதை முன்னிலையான ‘உஸ்தெத்’, ‘தங்கள் அருள்’ என்ற பொருளுடைய ‘வுவெஸ்ட்ரா மெர்செத்’ என்ற பழைய விளியின் தேய்வு ஆகையால், அது இன்றும் படர்க்கை வினையையே பெறுகிறது. உடைமைக்கும் படர்க்கைச் சொல்லான ‘சு’வையே பெறுகிறது. தமிழிலும் ‘தன்’னின் பன்மையான ‘தங்கள்’ மரியாதை முன்னிலைக்கு வந்து சேர்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தால் இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

நம்மவர் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. தமிழில் ‘அவனுடைய’, ‘அவளுடைய’ என்று உடையவரின் பாலைக் காட்டுகிறோம். ஸ்பானியத்தில் உடைமைச் சொல் உடையவரைப் பாராது, உடைமைப் பொருளைப் பார்த்தே மாறும். ஒருவருக்கே பல புத்தகங்கள் இருந்தால் ‘சுஸ் லிப்ரோஸ்’. பலருக்குச் சேர்ந்து ஒரே வீடு இருந்தால் ‘சு காசா’. ‘நம்முடைய’ என்பது வீட்டுக்கு ‘நுவெஸ்ட்ரா காசா’ என்றும் புத்தகத்துக்கு ‘நுவெஸ்ட்ரோ லிப்ரோ’ என்றும் வரும்; சொல்பவர்கள் அனைவரும் பெண்களாயினும் ‘நுவெஸ்ட்ரோ லிப்ரோ’தான். ‘பலர்’ என்ற நினைவில் ‘சுஸ் காசா’ என எழுதிவிடுவது மிகவும் பரவலான பிழை.

கேள்வி: ‘என் தலை வலிக்கிறது’ என்பதற்கு ‘மி கபேசா துவேலே’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டு ‘மே துவேலே லா கபேசா’ என்று திருத்தினார். ‘என்’ என்ற சொல்லே இல்லாமல் தலை என்னுடையது என்பது எப்படிப் புலப்படும்?

பதில்: உங்கள் ஆசிரியரின் திருத்தம் முற்றிலும் சரி. ஆங்கில வழியாகக் கற்பதால்தான் இந்த இடம் கடினமாகத் தெரிகிறது என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் நீங்கள் ‘என் தலை வலிக்கிறது’ என்றா சொல்கிறீர்கள்? ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றுதானே சொல்கிறீர்கள்? ஸ்பானியரும் அதையேதான் சொல்கிறார்கள்: ‘மே’ என்பது எனக்கு, ‘துவேலே’ என்பது வலிக்கிறது, ‘லா கபேசா’ என்பது தலை. வலிப்பது யாருக்கு என்று நான்காம் வேற்றுமையில் சொன்ன பின், தலை யாருடையது என்று ஆறாம் வேற்றுமையில் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

உடலோடு பிரியாதிருப்பதைத் தற்கிழமை என்றும், பிரித்தெடுக்கக்கூடிய உடைமையைப் பிறிதின்கிழமை என்றும் தமிழ் இலக்கணம் பகுத்திருக்கிறது. கை தற்கிழமை, வீடு பிறிதின்கிழமை. ஸ்பானியர் இந்தப் பகுப்பை வாக்கிய அமைப்பிலேயே காட்டுகிறார்கள். ‘அவருக்குக் கைகள் நடுங்குகின்றன’ என்பது ‘லே தியெம்ப்லான் லாஸ் மானோஸ்’. ‘குழந்தைக்கு முடி வெட்டினேன்’ என்பது ‘லே கொர்தே எல் பேலோ அல் நீன்யோ’. கை கழுவுவதையும் ‘மே லாவோ லாஸ் மானோஸ்’, அதாவது எனக்கே கைகளைக் கழுவிக்கொள்கிறேன் என்ற அமைப்பில் சொல்வார்கள். நம்மைவிட ஒரு படி மேலே போய், அணிந்திருக்கும் ஆடையையும் கையிலிருக்கும் பணப்பையையும்கூட இவ்வமைப்பிலேயே அடக்கிவிடுவார்கள்: ‘மே ரொபாரோன் லா கர்தேரா’ என்றால் என் பணப்பையைத் திருடிவிட்டார்கள் என்று பொருள். அதே வேளையில், உறுப்புக்கு நேர்வதைச் சொல்லாமல் உறுப்பையே பேசுபொருளாக்கி ‘உன் கண்கள் அழகானவை’ என்னும்போது ‘துஸ் ஓஹோஸ்’ என உடைமைச் சொல் வந்தே தீரும்.

இந்த ஒற்றுமையை எல்லா இடத்துக்கும் நீட்டிவிட வேண்டாம். ‘எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள்’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு 30 வயது’ ஆகிய மூன்றிலும் தமிழில் ‘எனக்கு’ வந்தாலும், ஸ்பானியத்தில் ‘கொண்டிருத்தல்’ எனப் பொருள்படும் ‘தெனேர்’ என்ற வினையே வரும்: ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’, ‘தெங்கோ ஆம்ப்ரே’, ‘தெங்கோ த்ரெயின்தா ஆன்யோஸ்’.

கேள்வி: ‘எஸ் மீயோ’, ‘எஸ் எல் மீயோ’ இரண்டும் ஒன்றா?

பதில்: அல்ல. இந்தப் புத்தகம் யாருடையது என்ற கேள்விக்கு ‘என்னுடையது’ என்று சொல்ல ‘எஸ் மீயோ’ போதும். பல புத்தகங்களுக்கு நடுவே உங்களுடையது எது என்று கேட்டால், ‘இதுதான் என்னுடையது’ என்று சுட்டிக் காட்ட ‘எஸ் எல் மீயோ’ வேண்டும்.

கேள்வி: பெரு நாட்டவர் ஒருவர் ‘தே மி மமா சு காசா’ என்று சொல்லக் கேட்டேன். ‘லா காசா தே மி மமா’ என்றுதானே வர வேண்டும்?

பதில்: பாடநூல் வழக்கு நீங்கள் சொல்வதுதான். ஆனால் நீங்கள் கேட்டது வாய்தவறி வந்த பிழையன்று. ஆண்டிஸ் மலைப்பகுதியின் பேச்சு வழக்கு. அங்கே நெடுங்காலமாக வழங்கும் கெச்சுவா மொழியில் உடையவர் முன்னே வந்து வேற்றுமை உருபு ஏற்பார். பின்வரும் உடைமைப் பொருளும் ‘அவருடைய’ என்பதைக் காட்டும் விகுதியைப் பெறும். இருமொழியாளர் பேச்சின் வழியே அந்த அமைப்பு ஸ்பானியத்திலும் படிந்தது. குவாத்தமாலாவில் ‘உன் அமீகோ மீயோ’ (என் நண்பர் ஒருவர்) என்பதற்குப் பதிலாக ‘உன் மி அமீகோ’ என்று கேட்க நேர்ந்தாலும் திகைக்க வேண்டாம். தேர்வுத்தாளில் இவற்றை எழுதாதீர்கள். பேசுவோரைத் திருத்தவும் முனையாதீர்கள்.