பெரியப்பாவின் நோட்டு

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

எனக்கு 74 வயதாகிறது. நாற்பது ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த 1,100 கிராமபோன் இசைத்தட்டுகள் என்னிடம் உள்ளன. மகனும் மகளும் வெளியூரில் இருக்கிறார்கள். இருவருக்கும் இதில் நாட்டமில்லை. எனக்குப் பின் இவை ஒரு நூலகத்துக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதிவிட்டால் போதுமா?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

போதாது என்றே நினைக்கிறேன். இரண்டு சாட்சிகள் முறைப்படி கையொப்பமிட்ட உயில், பதிவு செய்யப்படாவிட்டாலும் செல்லும். ஆனால் நீங்கள் பெயர் குறிப்பிடும் நூலகம் அவற்றை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று எந்த உயிலாலும் கட்டாயப்படுத்த முடியாது. அன்றியும், பல வீடுகளில் காரியங்களெல்லாம் முடிந்த பிறகுதான் உயிலைப் பிரிக்கிறார்கள். அதற்குள் அறை காலியாகிவிடும்.

என் பெரியப்பாவின் தட்டுகளுக்கு அதுதான் நேர்ந்தது. பதினாறாம் நாளுக்கு வந்த உறவினர்கள், அவர்மீதிருந்த அன்பினால், நினைவாக ஆளுக்கு இரண்டு மூன்று தட்டுகளை எடுத்துச் சென்றார்கள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் பதிவாகும் என்பதால், பழைய நாடக செட்டுகளில் ஒரே கதை பல தட்டுகளில் தொடரும். அப்படியொரு கதை அன்று நான்கு ஊர்களுக்குப் பிரிந்துபோயிற்று. எஞ்சியவற்றைப் பரணில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தோம். அரக்குத் தட்டுகளை நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாததால் அடியிலிருந்தவை விரிசல் விட்டன. எது எந்தச் செட்டைச் சேர்ந்தது, எந்தத் தட்டு எங்கே கிடைத்தது என்றெல்லாம் அவர் எழுதிவைத்திருந்த நோட்டு, பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போயிற்று. அந்த நோட்டை இழந்ததைத்தான் இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே முதலில் பட்டியலை எழுதுங்கள். பாடியவர், இரு பக்கங்களின் முதலடி, லேபிள் எண் ஆகியவற்றோடு, பாட்டு முடியும் இடத்தில் அரக்கிலேயே பதிந்திருக்கும் எண்ணையும் குறியுங்கள். லேபிள் உரிந்தாலும் அந்த எண் அழியாது.

அடுத்து, ஏற்பவரை நீங்கள் இருக்கும்போதே தேடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பின், அவர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்ததால், 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். மக்களுக்கென அவர் விட்டுச்சென்ற நூல்கள் 1958இல்தான் நூலகமாயின. நூல்கள் எட்டாண்டு காத்திருக்கலாம், பரணில் கிடக்கும் தட்டுகள் காத்திரா. ஒரு நூலகம் முழுவதையும் ஏற்குமா, தன்னிடமில்லாதவற்றை மட்டும் எடுக்குமா, மின்வடிவாக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி உயிலோடு வையுங்கள். பிள்ளைகளின் சம்மதத்தையும் இப்போதே கேளுங்கள். நாட்டமில்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

நாடக செட்டுகள் இருந்தால் அவற்றிலிருந்தே பட்டியலைத் தொடங்குங்கள். பெரியப்பாவின் தட்டுகளில் ஏழு என்னிடம் உள்ளன. உங்கள் செட்டில் விடுபட்டது அவற்றில் இருந்தால் எழுதுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.