கல்யாணமாகி நாற்பதே நாளில் அவர் கத்தார் போகிறார். தூரத்தில் இருந்துகொண்டு உறவு நிலைக்குமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நிலைக்கும். பிரிந்திருக்கப் போகும் காலத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. எனக்கு அந்தக் காலம் எப்படியோ ஓடிவிட்டது. திணறிப்போனது அவர் திரும்பி வந்த பிறகுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புளியரை. செங்கோட்டைக்கு மேற்கே, எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், அதைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளம். என் கணவர் 2012-இல் சார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனார், 2023-இல் முடித்துக்கொண்டு வந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கூட்டிப் பார்த்தால் பதினோரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது பத்து மாதம். இது ஏதோ எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2015-இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1998-லேயே திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் இதற்கென்று கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டது.

சரி, ஆய்வுகள். கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் என்ற இருவர் 2013-இல் 63 ஜோடிகளை ஒரு வாரம் டைரி எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். போனில், வீடியோவில், மெசேஜில் என்ன பேசினோம், பேசி முடித்ததும் எவ்வளவு நெருக்கமாக உணர்ந்தோம் என்று குறித்துவைக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்களைவிடத் தூரத்தில் இருந்தவர்கள்தான் அதிக நெருக்கத்தை உணர்ந்திருந்தார்கள். இரண்டு காரணம் சொன்னார்கள். தூரத்தில் இருப்பவர்கள் மனதில் உள்ளதைக் கூடுதலாகத் திறந்து சொல்கிறார்கள். அடுத்தவர் செய்வதையெல்லாம் இருப்பதைவிட நல்லதாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷமும் போனில் என் கணவர் பொறுமையின் சிகரம். ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டைமாடியில் நின்று வேலை பார்த்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஆறின பிறகு பேசுகிற மனுஷன் பொறுமையாகத்தான் இருப்பார். நானும் அப்படித்தான். பிள்ளையை அடித்துவிட்டு, அவன் அழுது தூங்கினதும் முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுப்பேன். என் பெரியத்தை காலத்தில் மாமா சவூதியில் தம்மாமில் இருந்தார். டேப் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வரும் கேசட்டில் யார் சண்டை போடுவார்கள்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வருவது அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள், அதுவும் கல்யாணம் ஆகாத காதலர்கள். அதில் மாமியார் கிடையாது, நகைக்கடன் கிடையாது, கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டு வீடே சேர்ந்து பேசுகிற வழக்கமும் கிடையாது. என்னைக் கேட்டால், கதவைச் சாத்திக்கொண்டு பேச உங்களுக்கு ஓர் அரைமணி நேரம் வேண்டும் என்பதை அவர் கிளம்பும் முன்பே அவரைக்கொண்டு அவர் வீட்டில் சொல்லவையுங்கள். நீங்கள் சொன்னால் வேறு மாதிரி ஆகும்.

பேச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை வைத்து நடத்திய ஆய்வு பிரபலம். ஒருவர் சும்மா ஏதோ சொல்கிறார், மற்றவர் முகம் கொடுக்கிறாரா என்பதைக் கவனித்தார். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், சேர்ந்தே இருந்தவர்கள் அந்தச் சின்னப் பேச்சுகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவீதம்தான். அது ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்களின் கணக்கு. ஆனால் எனக்கு ஆனி மாதச் சாரல் நினைவுக்கு வருகிறது. "இங்க சாரல் அடிக்குது" என்பேன். "போனை வெளிய நீட்டு, சத்தம் கேக்கட்டும்" என்பார். ஓட்டு மேல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஐந்து நிமிஷம் போகும். அவர் அங்கே போட்டிம் என்கிற போன் ஆப்புக்கு ரீசார்ஜ் செய்து பேசிக்கொண்டிருப்பார், அங்கே வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. காசு போகுதே என்று நான்தான் பதறுவேன்.

அடுத்தது தேதி. கேத்ரின் மகுவைர் 2007-இல் எழுதிய ஆய்வு இதைப் பற்றியது: மறுபடி ஒரே ஊரில் சேர்வோம் என்று உறுதியாக இருந்தவர்கள், அந்த உறுதி இல்லாதவர்களைவிட நிறைவாக இருந்தார்கள். எங்களுக்கு அது இல்லை. முதலில் மூன்று வருஷம் என்றார். அப்புறம் நாத்தனார் கல்யாணம், அப்புறம் ஓட்டுக்கூரையை மாற்றித் தளம் போடுவது, அப்புறம் "இன்னும் ஒரு விசா". கணவர் மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் பிரிந்திருந்ததால் வந்ததில்லை, அந்த "இன்னும்" என்ற சொல்லால் வந்தது. எத்தனை வருஷம், எவ்வளவு பணம் சேர்ந்தால் போதும் என்று இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாறும்தான். மாறினால் இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றுங்கள், அவர் மட்டும் மாற்றிவிட்டுச் செய்தி சொல்லக் கூடாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். லாரா ஸ்டாஃபோர்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2006-இல் ஒன்றைக் கண்டார்கள். தூரத்தில் இருந்துவிட்டு ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த காதல் ஜோடிகளில் மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்துக்குள் முறிந்துபோயின. சேர்ந்த பிறகு! தன் இஷ்டப்படி இருந்தது போயிற்று, புதிது புதிதாகச் சண்டை, இதுவரை தெரியாத குணங்கள் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் நடந்தவை.

முதல் வாரம் திருவிழா. இரண்டாவது வாரம் பார்க்கிறேன், குளித்து முடித்ததும் சோப்பை டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். ஆறு பேர் ரூமில் பதினோரு வருஷம் இருந்த பழக்கம். "நான் என்ன உங்க சோப்பைத் திங்கவா போறேன்?" என்று கேட்டுவிட்டேன். அவரும் விடவில்லை. அடுக்களையில் நான் வைத்த சாமான்களையெல்லாம் இடம் மாற்றினார். மோட்டார் ரிப்பேருக்கு நான் எப்போதும் கூப்பிடும் ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார். ஒருநாள் பையன் அவர் முன்னாலேயே என்னிடம், "அம்மா, அப்பா டிவியை அமத்தச் சொல்றாங்க, அமத்தவா?" என்று கேட்டான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று தொடங்கி நான்கு நாள் பேச்சு இல்லை. சார்ஜாவில் இருந்தபோது நாங்கள் ஒருநாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

தப்பு யார் மேலும் இல்லை. கேரளத்து வளைகுடாக் குடும்பங்களைப் பற்றி லீலா குலாத்தி என்ற ஆய்வாளர் 1993-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். புருஷன் இல்லாத வீட்டில் வங்கி, பள்ளிக்கூடம், கட்டடவேலை என்று எல்லாவற்றையும் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டு எப்படி மாறிப்போனார்கள் என்பதைக் காட்டும் புத்தகம். நானும் அப்படி மாறினவள்தான். இத்தனை வருஷம் போனில் மட்டும் இருந்த மனுஷன் திடீரென்று வந்து, "நான்தான் இந்த வீட்டுத் தலைவன்" என்று உட்கார முடியுமா? கடைசியில் வழி சொன்னது என் மாமியார்தான். "ஏல, அவ கட்டிக் காத்த வீடு. கேட்டுட்டுச் செய்யி" என்று மகனிடம் சொன்னார்கள். என்னிடம் தனியாக, "நீயும் ரெண்டு வேலையை அவன் கையில குடு" என்றார்கள். கரண்டு பில்லும் வயல் குத்தகைக் கணக்கும் அவரிடம் போயின. அடுக்களை மறுபடி என்னிடம் வந்தது. சோப்பு பீரோவிலேயே இருக்கிறது.

உங்களுக்கு இதையெல்லாம் இப்போதே சொல்வதற்குக் காரணம், லீவில் வருகிற இரண்டு மாதமும் இதற்கு ஒத்திகைதான். விருந்து, கோயில், குற்றாலம் என்று முழுக்கச் சுற்றித் தீர்த்துவிடாதீர்கள். ஒரு பத்து நாளாவது ரேஷன் கடைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று சாதாரண வீடாக இருந்து பாருங்கள். எரிச்சலை அடக்காதீர்கள், அந்த லீவிலேயே தெரியட்டும். அப்புறம், பணம் யார் கணக்குக்கு வரும் என்பதை விமானம் ஏறும் முன் பேசி முடியுங்கள். எங்கள் தெருவில் பாதிச் சண்டை அதில்தான்.

அவர் இப்போது புனலூரில் சின்னதாக ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். காலையில் போய் இரவு வருவார். மதியம் ஒரு மணிக்குக் கடையிலிருந்து போன் வரும். வீட்டில் எதிரே உட்கார்ந்து சொல்லாததையெல்லாம் அதில்தான் சொல்கிறார்.